மீனம்பாக்கத்துக் கணக்கும் அத்திப்பட்டுப் புகையும்

விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, நீல வழித்தடத்தில் கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தால் விமான நிலையம் வந்துவிடும். சுமார் 32 கிலோமீட்டர், ஒரே ரயில், எங்கும் மாற வேண்டாம். வடசென்னைக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியும் தொடர்பு இது ஒன்றுதான். தெரியாத தொடர்புகள் இரண்டு உண்டு. ஒன்று, மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து மண்ணுக்கடியில் மீனம்பாக்கம் போகும் விமான எரிபொருள் குழாய். இன்னொன்று மின்சாரம். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரியை எரித்து எடுக்கிற மின்சாரம் மின்தொகுப்பில் கலந்து ஊர் முழுக்கப் போகிறது. கலந்த பிறகு எந்த யூனிட் யார் வீட்டு ஃபேனைச் சுற்றியது, எது விமான நிலையத்து ஏசியை ஓட்டியது என்று பிரிக்க முடியாது. ஆனால் புகைக்கூண்டு நிற்கிற ஊர் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இந்த இரண்டாவது தொடர்புதான் கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ‘கார்பன் நடுநிலை விமான நிலையம்’ என்ற பலகை நாட்டில் இப்போது சாதாரணமாகக் கண்ணில் படுகிறது. தில்லி 2016இல் ஆசிய-பசிபிக் வட்டாரத்திலேயே முதலாவதாக அந்தப் பெயரை வாங்கியது. கொச்சி அதற்கு முந்தைய ஆண்டே, 2015 ஆகஸ்ட் 18 அன்று, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் ஆனது. பெங்களூரு 2024இல் இந்தத் தரவரிசையின் உச்சப் படியைத் தொட்டது. இதெல்லாம் பொய்க்கணக்கு என்று சொல்ல வரவில்லை. நிஜமாகவே உழைத்து, வெளி ஆளை வைத்துச் சரிபார்த்து வாங்கிய பெயர்கள். என் கேள்வி வேறு: இந்தக் கணக்குப் புத்தகத்தின் ஓரம் எங்கே முடிகிறது? ஓரத்துக்கு வெளியே என்ன இருக்கிறது? வெளியே இருப்பதில் ஒரு பங்கு நம்ம வடசென்னையை ஒட்டிய ஊர்தான்.

வேலியை எங்கே போடுவது

விமான நிலையம் தன் கார்பனை அளக்கத் தொடங்கும்போது முதல் வேலை மீட்டர் பார்ப்பதில்லை, எல்லை வகுப்பது. எது நம்முடையது, எது நாம் காசு கொடுத்து வாங்கியது, எது நம் வளாகத்தில் நடந்தாலும் அடுத்தவருடையது என்று மூன்றாகப் பிரிப்பார்கள். தொழிலில் இதை ஸ்கோப் 1, 2, 3 என்பார்கள். நிலையத்தின் சொந்த ஜீப், தீயணைப்பு வண்டி, டீசல் ஜெனரேட்டர், ஏசியிலிருந்து கசியும் வாயு, தீயணைப்புப் பயிற்சிக் குழியில் எரிக்கும் எண்ணெய் எல்லாம் முதலாவது. வாங்கும் மின்சாரம் இரண்டாவது. விமானங்கள், சுமை தூக்கும் வண்டிகள், பயணிகள் வந்து சேரும் டாக்ஸி, ஊழியர் பைக், டெர்மினலுக்குள் இருக்கும் இட்லிக் கடையின் சிலிண்டர் எல்லாம் மூன்றாவது.

இதற்கென்று உலக அளவில் ஒரு படிவரிசை இருக்கிறது. விமான நிலையங்களின் சங்கமான ஏசிஐ 2009இல் ஐரோப்பாவில் தொடங்கி, 2011இல் ஆசியாவுக்குக் கொண்டுவந்தது. அளந்தாலே முதல் படி. முந்தைய மூன்று ஆண்டுச் சராசரியைவிடக் குறைத்தால் இரண்டு. விமான நிறுவனங்களையும் கணக்கில் சேர்த்து அவர்களோடு உட்கார்ந்து பேசினால் மூன்று. தன் மிச்சத்தைக் கார்பன் வரவு (வேறெங்கோ குறைத்த உமிழ்வுக்கான சான்று) வாங்கி ஈடுகட்டினால் மூன்று பிளஸ். பலகையில் வரும் ‘நடுநிலை’ இதுதான். நான்கும் நான்கு பிளஸும் 2020இல் வந்தவை. மொத்த உமிழ்வையே பாரிஸ் ஒப்பந்தத்தின் அளவுக்கு இறக்கும் திட்டம் வேண்டும், விமானத்தின் முழுப் பயணத்தையும் எண்ண வேண்டும். 2023இல் ஐந்தாம் படியும் வந்தது. சொந்த உமிழ்வில் 90 சதவீதமாவது போயிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

இங்கே கவனிக்க வேண்டியது, மூன்று பிளஸ் வாங்கிய நிலையம் ஈடுகட்டுவது தன் வேலிக்குள் இருப்பதையும் ஊழியர்களின் அலுவல் பயணத்தையும் மட்டும்தான். விமானம் அதில் இல்லை. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு நிலையம் ஆண்டுக்கு 5 கோடி யூனிட் மின்சாரம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் நாட்டுச் சராசரி, யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கரியமில வாயு. ஆக 36,000 டன். இப்போது சென்னையிலிருந்து தில்லிக்குப் போகும் ஏர்பஸ் ஏ320 ரகம் ஒன்றை எடுங்கள். போகும் வழியில் சுமார் 6 டன் எரிபொருள் குடிக்கும். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு. ஒரு பயணத்துக்கு 19 டன். தினம் ஒன்று என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000 டன். அந்த மாதிரி தினமும் ஐந்து விமானம் கிளம்பினாலே டெர்மினலின் மொத்த மின்கணக்கும் சரியாகப் போயிற்று. ஐந்து விமானம் கிளம்ப மீனம்பாக்கத்தில் அரை மணி நேரம்கூடத் தேவையில்லை.

கணக்கு தப்பும் இடங்கள்

தரவு சேகரிப்பு என்பது கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் பாதிப் பிழை இங்கேதான். டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பில்லை வைத்துத்தான் பெரும்பாலும் எண்ணுவார்கள், எரித்ததை வைத்து இல்லை. மார்ச் 31 அன்று யாராவது ஜெனரேட்டர் டாங்க்கை நிரப்பி வைத்தால் அடுத்த ஆண்டு எரியப்போகும் எண்ணெய் இந்த ஆண்டுக் கணக்கில் விழும். ஆண்டு முடிவில் டாங்க்கில் குச்சி விட்டு இருப்பு பார்த்துக் கழித்தால் சரியாகிவிடும். செய்யச் சொல்லி யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு லிட்டருக்கு 2.7 கிலோ என்று பெருக்கினால் வேலை முடிந்தது.

ஏசி வாயு இன்னும் மோசம். ஆர்-134ஏ என்ற குளிர்வாயு ஒரு கிலோ கசிந்தால் அது 1,300 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பழைய மதிப்பீட்டில் 1,430. சுமார் 500 லிட்டர் டீசல் எரித்ததற்கு ஈடு. அதை யாரும் எரிப்பதில்லை, யாருக்கும் வாசனை வருவதில்லை. மெக்கானிக் வருகிறார், ‘கேஸ் கம்மியா இருக்கு’ என்று ஏற்றிவிட்டுப் போகிறார், பில்லில் ‘சர்வீஸ்’ என்று மட்டும் இருக்கும். எத்தனை கிலோ ஏற்றினார் என்று எழுதும் பதிவேடு இல்லாவிட்டால் அந்த நிலையத்தின் ஸ்கோப் 1 அழகாகச் சின்னதாகத் தெரியும். பதிவேடு ஒழுங்காக வைக்கத் தொடங்கும் ஆண்டில் உமிழ்வு எகிறும். மேலதிகாரி ‘ஏன் இவ்வளவு ஏறியது’ என்று கேட்பார். நேர்மையாக அளப்பவர்தான் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான தந்திரம் ஒன்றும் உண்டு. பலர் தெரியாமலேயே செய்கிறார்கள். விமானம் 3,000 அடிக்குக் கீழே இறங்கி, தரையில் ஊர்ந்து, மறுபடி ஏறிப் போகும் சுற்றுக்கு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒரு நிலையான நேரப்பட்டியல் வைத்திருக்கிறது. இறங்க 4 நிமிடம், தரையில் ஊர 26 நிமிடம், ஓடிக் கிளம்ப 0.7 நிமிடம், ஏற 2.2 நிமிடம். இன்ஜின் சான்றிதழுக்காகப் போட்ட நேரம் அது. நடப்பில் பல நிலையங்களில் ஊரும் நேரம் அதைவிடக் குறைவு. இரண்டு இன்ஜின் கொண்ட ஒற்றை நடைபாதை விமானம் தரையில் நிமிடத்துக்குச் சுமார் 13 கிலோ எரிபொருள் குடிக்கும். கரியமில வாயுவாக 41 கிலோ. முதல் ஆண்டு 26 நிமிடம் என்று வைத்துக் கணக்கு போட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டு விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து உண்மையான நேரம் வாங்கி 16 நிமிடம் என்று போட்டால், ஒரு விமானத்துக்கு 410 கிலோ ‘குறைந்துவிடும்’. ஓடுபாதையில் ஒரு மாற்றமும் நடந்திருக்காது. முறை மாறினால் பழைய ஆண்டையும் புதிய முறையில் திருப்பிப் போட வேண்டும் என்பது விதி. சரிபார்க்க வருபவர் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

பயணி ஒருவருக்கு இத்தனை கிலோ என்று காட்டுவதும் இதே ரகம். டெர்மினலின் ஏசியும் விளக்கும் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தின்னும். கோவிட் ஆண்டில் ஆளில்லாத கூடத்துக்கு ஏசி ஓடியபோது தலைக்கணக்கு எங்கேயோ போனது. அடுத்த இரண்டு ஆண்டில் கூட்டம் திரும்பியதும் அதே எண் சரசரவென்று இறங்கியது. அதை எல்லோரும் சாதனை என்று அறிக்கையில் போட்டுக்கொண்டார்கள்.

ஸ்டாண்டில் நிற்கும் முக்கால் மணி நேரம்

இந்தக் கட்டுரைக்குக் காரணமான விஷயம் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். விமானம் ஸ்டாண்டில், அதாவது அதற்கான நிறுத்துமிடத்தில், வந்து நின்றதும் பெரிய இன்ஜின்களை அணைத்துவிடுவார்கள். ஆனால் உள்ளே விளக்கு எரிய வேண்டும், ஏசி ஓட வேண்டும், காக்பிட் கருவிகள் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு வாலில் ஒரு குட்டி இன்ஜின் இருக்கிறது, ஏபியு. வால் முனையில் ஓட்டை வழியாகக் காற்று கானல் மாதிரி நடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் குடிக்கும். 110 என்று வைத்தால் முக்கால் மணி நேரத்துக்கு 82 கிலோ. கரியமில வாயு 260 கிலோ.

இதை நிறுத்த வழி பழையது, எளிது. ஏறுபாலத்துக்கு அடியிலிருந்து இரண்டு இணைப்பு கொடுப்பார்கள். ஒன்று மின்சாரம். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விமானத்துக்கு 400 ஹெர்ட்ஸ், 115 வோல்ட். அதற்கென்று மாற்றும் பெட்டி உண்டு. இன்னொன்று குளிர்ந்த காற்று, பெரிய மஞ்சள் குழாயில். இரண்டும் ஒழுங்காக வேலை செய்தால் ஏபியு தேவையே இல்லை. இரண்டுக்கும் சேர்த்து அந்த முக்கால் மணி நேரத்துக்கு 100 யூனிட் செலவு என்று வையுங்கள். நாட்டுச் சராசரிப்படி 72 கிலோ. 260 எங்கே, 72 எங்கே!

ஆனால் ‘ஒழுங்காக’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மின்கேபிள் முனையில் ஆறு துளை. நான்கு பெரியது, மூன்று ஃபேஸும் நியூட்ரலும். இரண்டு சின்னது, பிளக் முழுக்க உட்கார்ந்ததா என்று சொல்லும் காவல் இணைப்பு. தினம் பத்து இருபது முறை செருகி இழுத்து, கீழே போட்டு, அந்தத் துளைகள் தளர்ந்துவிடும். கேபிள் எடை கனம். தளர்ந்த பிளக் மெல்லத் தொங்க ஆரம்பிக்கும். முழுப் பிடி போவதற்கு முன்னாலேயே காவல் இணைப்பு விட்டுப்போகும், சப்ளை உடனே துண்டாகும், விமானத்துக்குள் விளக்கு அணையும். இரண்டு முறை இப்படி நடந்தால் பைலட் மூன்றாம் முறை வம்பே வேண்டாம் என்று ஏபியுவைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். முனையில் மாற்றக்கூடிய பகுதி தனியாக விற்கிறது, மொத்தக் கேபிளையும் மாற்ற வேண்டாம். அதை இருப்பில் வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

காற்றுக் குழாய்க்கு வேறு கதை. சித்திரை வெயிலில் விமானங்கள் நிற்கும் ஏப்ரன் தளத்தின் கான்கிரீட் அடுப்பு மாதிரி இருக்கும். அதன் மேல் குழாய் தேவைக்கு மேல் நீளமாக, மடங்கி, ஒடிந்து கிடந்தால் உள்ளே பனிக்கட்டி மாதிரிப் புறப்பட்ட காற்று கேபினுக்குள் போகும்போது வெறும் காற்றாகத்தான் போகும். ஒரு மடிப்பு விழுந்தாலே காற்றோட்டம் செத்துப்போகும். கேபின் 27 டிகிரியைத் தாண்டினால் பயணிகள் பாதுகாப்பு அட்டையை எடுத்து விசிற ஆரம்பிப்பார்கள். பிறகு என்ன, மறுபடி ஏபியு. காற்றுக் கருவி வாங்கிப் போட்டதற்கும் அது நிஜமாகப் பயன்படுவதற்கும் நடுவில் இருப்பது குழாயை இழுத்து நேராகப் போடும் ஒரு ஆள். அந்த ஆள் ஒப்பந்தத் தொழிலாளி. எத்தனை விமானம் இணைப்பு வாங்கியது என்பதை எண்ணாமல், எத்தனை நிமிடம் ஏபியு அணைந்திருந்தது என்று எண்ணினால்தான் உண்மை தெரியும்.

சரி, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றே வைப்போம். ஒரு நாளைக்கு 100 விமானம் இப்படி இணைப்பில் நிற்கிறது. ஏபியு கணக்கில் நாளுக்கு 26 டன், ஆண்டுக்கு 9,500 டன் போய்விட்டது. மின்சாரக் கணக்கில் நாளுக்கு 7.2 டன், ஆண்டுக்கு 2,600 டன் கூடியது. நிகரமாக ஏறக்குறைய 6,900 டன் மிச்சம். பிரமாதம். ஆனால் இது யார் புத்தகத்தில் எழுதப்படுகிறது என்று பாருங்கள். போன 9,500 டன் விமான நிறுவனத்தினுடையது, ஸ்கோப் 3. வந்த 2,600 டன் விமான நிலையத்தினுடையது, ஸ்கோப் 2. நல்ல காரியம் செய்த நிலையத்தின் சொந்தக் கணக்கு மோசமாகிறது! இரண்டாம் படியில் நிற்கும் நிலையம் தன் சராசரியைக் குறைத்துக் காட்ட வேண்டிய ஆண்டில் இந்தக் கருவியை ஓட்டத் தயங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இதற்கு மருந்து, ஒவ்வொரு ஸ்டாண்டிலும் தனி மீட்டர் வைத்து யூனிட்டை விமான நிறுவனத்துக்கு விற்பது. விற்ற மின்சாரம் வாங்கியவர் கணக்கு. மீட்டர் வைக்காமல் நிறுத்தக் கட்டணத்தில் மொத்தமாகச் சேர்த்துவிட்டால் அது நிலையத்தின் தலையில்தான்.

எனக்கு உறைத்தது இதற்கு அடுத்த வரி. விமானத்தின் வாலிலிருந்து வந்த புகை ஸ்டாண்டிலிருந்து போய்விட்டது. 260 கிலோ 72 ஆனது. அந்த 72 எங்கே வருகிறது? மீனம்பாக்கத்தில் வரவில்லை. தொகுப்பில் இருக்கும் ஏதோ ஒரு நிலக்கரிக் கொதிகலனில் வருகிறது. பருவநிலைக்கு இது எங்கே என்பதில் வித்தியாசமே இல்லை. கரியமில வாயு எங்கே எழுந்தாலும் ஒரே வானத்தில் கலக்கிறது, 72 எப்போதும் 260ஐவிட நல்லது. ஆனால் நிலக்கரி கரியமில வாயுவை மட்டும் தருவதில்லை. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால், அந்த 100 யூனிட்டும் நிலக்கரியிலிருந்தே வந்திருந்தால், 70 கிலோ எரிந்து 20 கிலோவுக்கு மேல் சாம்பல் மிஞ்சும். கரியமில வாயுவுக்கு ஊர் கிடையாது. சாம்பலுக்கு உண்டு.

அந்த ஊர்ப்பட்டியலில் நாம் இருக்கிறோம். அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம், முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200. மூன்றாவதாக 800 மெகாவாட் 2024இல் திறக்கப்பட்டது. பக்கத்தில் வல்லூர், 1,500. 450 மெகாவாட் பழைய எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதன் புகைக்கூண்டைப் பார்த்து வழி சொன்ன தலைமுறை இன்னும் இருக்கிறது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகி, கொசஸ்தலையாற்றிலும் முகத்துவாரத்திலும் சாம்பல் படிந்து, படகு தட்டுகிறது, இறால் குறைந்தது என்று காட்டுக்குப்பத்து மீனவர்கள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. விமான நிலையத்தின் கார்பன் அறிக்கையில் சாம்பலுக்கு ஒரு பத்தியும் கிடையாது. இருக்க வேண்டும் என்றும் அந்த முறை சொல்லவில்லை. அது கார்பனை மட்டும் எண்ணச் செய்த முறை. விமான நிலையத்தை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவதும் சரியில்லை, நம் வீட்டு மிக்ஸியும் அதே தொகுப்பில்தான் ஓடுகிறது. ஆனாலும் ‘நடுநிலை’ என்ற சொல்லை இங்கிருந்து படிக்கும்போது அதற்கு இன்னொரு அர்த்தம் வந்துவிடுகிறது.

ஒரே மின்சாரத்துக்கு இரண்டு எண்

உடனே ஒருவர் கேட்பார்: அதுதான் பசுமை மின்சாரம் வாங்குகிறார்களே? நியாயமான கேள்வி. இதற்காகவே 2015இல் கணக்கு விதியை மாற்றி, மின்சாரத்துக்கு இரண்டு எண் கொடுக்கச் சொன்னார்கள். ஒன்று இருக்கும் இடத்தை வைத்து: நீ நிற்கும் மின்தொகுப்பின் சராசரி என்னவோ அது. இன்னொன்று ஒப்பந்தத்தை வைத்து: யாரிடம் காசு கொடுத்து வாங்கினாயோ அவருடைய மின்சாரம் என்னவோ அது. நம் 5 கோடி யூனிட் நிலையம் காற்றாலையிடம் முழுவதும் வாங்கிவிட்டால் இரண்டாவது எண் பூஜ்யம். முதலாவது அப்படியே 36,000 டன். இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே மீட்டர். விளம்பரத்தில் எது வரும் என்று சொல்லத் தேவையில்லை.

பூஜ்யம் என்பது பொய் இல்லை. காற்றாலைக்கு நிரந்தர வாடிக்கையாளர் கிடைப்பதால்தான் புதிய காற்றாலை எழும்புகிறது. ஆனால் பூஜ்யம் ஆண்டுக் கணக்கில்தான் பூஜ்யம், மணிக்கணக்கில் இல்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது ஆரல்வாய்மொழியில் கொட்டும் மின்சாரம் வேறு, தை மாதம் நள்ளிரவு 2 மணிக்கு வெளிநாட்டு விமானங்கள் வரிசையாகக் கிளம்பும்போது டெர்மினல் இழுக்கும் மின்சாரம் வேறு. அந்த நேரத்தில் கமுதியில் சூரியன் இல்லை. ஆடியில் எழுதிவைத்த யூனிட்டைத் தையில் கழித்துக்கொள்வதை மின்வாரியத்துத் தமிழில் பேங்கிங் என்பார்கள். கொச்சியும் இதையேதான் செய்கிறது. பகலில் கூடுதலாக வருவதை வாரியத்துக்குக் கொடுத்து, இரவில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பாங்க்கில் போட்ட அதே நோட்டு திரும்ப வராது என்பது எல்லோருக்கும் தெரியும். இரவில் திரும்ப வரும் யூனிட்டில் நிலக்கரி இருக்கும்.

ஆகவே வாங்குவதைவிடத் தேவையைக் குறைப்பதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். அங்கே இரண்டு எண்ணும் சேர்ந்து இறங்கும். டெர்மினலில் பெரிய தீனிக்காரன் ஏசிதான். தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லரிலிருந்து வரும் தண்ணீரை ஒரு டிகிரி கூடுதல் சூட்டில் வைத்தாலே சில்லர் மின்சாரம் இரண்டு மூன்று சதவீதம் குறையும். ஆனால் சென்னையில் இதற்கு ஒரு எல்லை இருக்கிறது. கடற்காற்றில் ஈரம் அதிகம். தண்ணீரின் குளிர்ச்சி போதாவிட்டால் காற்றிலிருந்து ஈரம் பிரியாது, கார்பெட் நாறும், கண்ணாடி வியர்க்கும். அதனால் முதலில் ஈரம் உள்ளே வரும் வழியை அடைக்க வேண்டும். வாசல் கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கும் நிலையத்தில் சில்லரைத் திருகிப் பயனில்லை. ஓடுபாதை விளக்குகளை எல்இடிக்கு மாற்றுவதிலும் இப்படி ஒரு பொறி உண்டு. விளக்கு மட்டும் மாறும். அதற்கு மின்சாரம் கொடுக்கும் பழைய பெரிய சீரமைப்பி அப்படியே இருக்கும். ஆலமரத்துக்கு வெட்டிய கிணற்றில் துளசிச் செடிக்குத் தண்ணீர் இறைத்த மாதிரி, சுமை குறைந்த சீரமைப்பி தானே பாதியைத் தின்றுவிடும். அதையும் அளவுக்கு மாற்றினால்தான் காகிதத்தில் போட்ட சேமிப்பு மீட்டரில் தெரியும்.

விமானத்துக்கு முன்பே வந்த புகை

மணலிக்கு வருவோம். ஒரு கிலோ எரிபொருளுக்கு 3.16 என்று மேலே பெருக்கினோமே, அது இறக்கையிலிருந்து இன்ஜினுக்குப் போய் எரிவது மட்டும். கச்சா எண்ணெயைத் தோண்டி, கப்பலில் ஏற்றி, சுத்திகரித்து, குழாயில் தள்ளியதற்கு அதில் இடமில்லை. பன்னாட்டு விமானங்களின் உமிழ்வை ஈடுகட்டும் கோர்சியா திட்டம் மாற்று எரிபொருளை ஒப்பிட ஒரு முழு வாழ்நாள் எண் வைத்திருக்கிறது: எரிபொருள் தரும் ஆற்றலில் ஒரு மெகாஜூலுக்கு 89 கிராம். எரிவது மட்டும் என்றால் சுமார் 74. நடுவில் இருக்கும் 15 கிராம் விமானத்துக்கு முன்பே வந்துவிட்ட புகை. கிலோக் கணக்கில் சொன்னால் ஒவ்வொரு கிலோ எரிபொருளுக்கும் 0.65 கிலோ. நம் தில்லி விமானத்தின் 6 டன்னுக்குக் கிட்டத்தட்ட 4 டன். அதில் ஒரு பங்கு எண்ணெய்க் கிணற்றுப் பக்கம், ஒரு பங்கு கப்பலில், ஒரு பங்கு சுத்திகரிப்பு ஆலையின் உலைகளில்.

1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் என்று தொடங்கிய மணலி ஆலை இன்று 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெய் காய்ச்சுகிறது. விமான எரிபொருள் அதில் ஒரு சரக்குதான். குழாயில் போவதால் டாங்கர் லாரிகள் சாலையில் ஓடவில்லை என்பது நிஜமான லாபம், அதை மறுக்கக் கூடாது. ஆனால் அந்த 0.65 கிலோ விமான நிலையத்தின் வழக்கமான கணக்கில் வருவதில்லை. சுத்திகரிப்பு ஆலையின் சொந்தக் கணக்கில் வரும். அங்கே அது யாருக்காகக் காய்ச்சியது என்று எழுதியிருக்காது. பன்னாட்டு விமானங்களுக்கு 2027இல் 1 சதவீதம், 2028இல் 2 சதவீதம், 2030இல் 5 சதவீதம் மாற்று எரிபொருள் கலப்பது என்று இந்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. பழைய சமையல் எண்ணெய் மாதிரியான பொருளிலிருந்து எடுப்பது. அந்த எரிபொருளும் எரிந்தால் அதே 3.16தான், குழாய் முனையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. லாபம் முழுவதும் விமானத்துக்கு முன்னால் இருக்கிறது. மாற்று எரிபொருளின் லாபத்தை மட்டும் முழு வாழ்நாள் கணக்கில் காட்டிவிட்டு, சாதா எரிபொருளை எரியும் கணக்கில் மட்டும் காட்டும் அறிக்கையைப் பார்த்தால் உஷாராக இருங்கள். ஒரே தராசில் இரண்டு எடைக்கல்.

பயணிகள் வந்து சேரும் போக்குவரத்தைக் கடைசியில் போடுவதே வழக்கம், நானும் அப்படியே போடுகிறேன். எண்ணூரிலிருந்து மீனம்பாக்கம் டாக்ஸியில் 40 கிலோமீட்டர் என்று வைத்தால் 6 கிலோ கரியமில வாயு. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் 12. பெரும்பாலான கேள்வித்தாள்கள் வந்த தூரத்தை மட்டும் கேட்கும், காலி டாக்ஸியைக் கேட்பதில்லை. மெட்ரோவில் வந்தால் இதில் சிறு பகுதிதான். ஆனால் முதல் ரயில் காலை 5 மணிக்கு, கடைசி ரயில் இரவு 11ஐ ஒட்டி. விம்கோ நகரிலிருந்து கடைசி நிறுத்தம்வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுநிசியில் கிளம்பும் விமானங்களுக்கு வடசென்னையிலிருந்து போகிற ஆளுக்கு டாக்ஸியைத் தவிர வேறு வழியில்லை. பெட்டி இரண்டு, வழியனுப்ப நான்கு பேர் என்றால் வண்டியும் பெரியது. இதை அளக்க வேண்டிய கணக்கெடுப்பு, ஆள் கிடைக்கும் நேரம் பார்த்து, காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணிக்கு முடிந்தால், புறப்பாட்டுக் கூடத்தில் கையில் டேப்லெட்டோடு நிற்கும் அந்தப் பையன் பார்ப்பது கிண்டியிலிருந்தும் அடையாறிலிருந்தும் பகல் விமானம் பிடிக்க வந்தவர்களை. திருவொற்றியூர்க்காரர் இரவு 11 மணிக்கு வந்து இறங்கும்போது கேட்க அங்கே யாரும் இருப்பதில்லை.